முன்சீப்பு மீன் தின்ற வழக்கு

பாளையங்கோட்டையில் பொய் சொல்லிவிட்டு நிம்மதியாக நடமாடியவர் என்று நீங்கள் யாரைக் கைகாட்டினாலும் சரி, அவர் எங்கள் தெருவில் ஒரு நாள்கூடக் குடியிருந்தவர் அல்ல என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். எங்கள் தெருவில் அது நடக்காத காரியம். ஏனென்றால் அங்கே டிரங்கால் அக்கா இருந்தார்.

அக்காவுக்கு எழுபத்தாறு வயது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலைக்குச் சேர்ந்து, ஊரில் பாதிப் பேருக்கு டிரங்கால் என்கிற வெளியூர்க் கால் போட்டுக் கொடுத்து, காது மட்டும் தேயாமல் ஓய்வு பெற்றவர். யார் என்ன சொன்னாலும் கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்பார். கேட்டு முடித்ததும் தீர்ப்பு வந்துவிடும். பால்காரர் ஒரு நாள், "மாடு கறக்கலக்கா" என்றார். அக்கா கண்ணைத் திறக்கவில்லை. "மாடு கறந்திச்சு. நீருதான் எந்திரிக்கல." பால்காரர் சைக்கிளைத் திருப்பினார்.

நான் மாற்றலாகி வந்து அக்கா வீட்டு மாடியை வாடகைக்குக் கேட்கப் போனபோது எனக்கு நேர்முகத் தேர்வு நடந்தது. சிகரெட் பழக்கம் உண்டா என்றார். கிடையாது என்றேன். "இன்னைக்கு எத்தன?" என்றார். "ரெண்டு" என்று என் வாய் எனக்குத் தெரியாமலே சொல்லிவிட்டது.

டிரங்கால் அக்காவின் தங்கை, கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்தவர். நான்கு வயது இளையவர். தெருவில் அவருக்குப் பெயர் வாய்தா அக்கா. காலமெல்லாம் கோர்ட்டில் இருந்ததாலோ என்னவோ, எதைக் கேட்டாலும் "அடுத்த வாரம் பாப்போம்" என்பார். குழாய் ஒழுகினாலும் அடுத்த வாரம்தான். கல்யாணத்துக்கு வரன் வந்தபோதும் அப்படித்தான் சொன்னாராம். அந்த அடுத்த வாரம் இன்னும் வரவில்லை. டிரங்கால் அக்காவின் கணவர் சின்ன வயதிலேயே தவறிவிட்டதால், அன்றிலிருந்து அக்காவும் தங்கையும் ஒரே வீட்டில் ஒருவரையொருவர் கண்காணித்துக்கொண்டு வாழ்ந்து வந்தார்கள்.

மூன்றாவதாக ஒருவர் உண்டு. பழுப்பு நிறத்தில் வரி வரியாக, ஒரு மழை நாளில் கேட்டுக்கு அடியில் நுழைந்து வந்த பூனை. அன்று அக்காவும் தங்கையும் அதை வைத்துக்கொள்வதா விரட்டுவதா என்று உரத்த குரலில் வாதாடிக்கொண்டிருக்க, அது நடுவில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டதாம். "ரெண்டு கட்சியும் இந்தக் கத்துக் கத்துதோம், இது அசையுதா பாருக்கா. எங்க கோர்ட்டு முன்சீப்பேதான்" என்றார் தங்கை. அன்றே பெயர் நிலைத்துவிட்டது.

முன்சீப்பு சைவம். அந்த வீடே சைவம், ஆகவே பூனையும் சைவம். இட்லி, தயிர்ச்சாதம், நெய் விட்ட பருப்பு. வெள்ளிக்கிழமை நெற்றியில் விபூதி. "எங்க பூனைக்குக் கவிச்சி வாடையே தெரியாது" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் டிரங்கால் அக்கா பெருமை பேசுவார். நாங்களும் தலையாட்டுவோம். தெருவிலேயே அவருக்குக் கேட்காத பொய் ஒன்று உண்டென்றால் அது அந்தப் பூனையின் பொய்தான்.

ஒரு புதன்கிழமை மத்தியானம். நான் அரை நாள் விடுப்பில் மாடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து ஓர் அலறல். யாரோ போய்விட்டார்கள் என்றுதான் நினைத்தேன். எச்சில் கையோடு இறங்கி ஓடினால், டிரங்கால் அக்கா பூனையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து அதன் வாயை முகர்ந்துகொண்டிருந்தார்.

"ஏட்டி! இங்கன வந்து மோந்து பாரு. முன்சீப்பு வாயில மீனு!"

தங்கை முகர்ந்தார். பிறகு என்னிடம் நீட்டினார்கள். நான் சைவமல்ல, ஆகவே என் சாட்சியம் நிபுணர் சாட்சியம் ஆனது. "சாளை மீனு" என்றேன். முன்சீப்பு கண்ணை மூடிக்கொண்டு மீசையை நக்கியது.

விசாரணை மறுநாள் காலையிலேயே தொடங்கியது. டிரங்கால் அக்கா கேட்டுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்தினார். கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "நேத்து உங்க வீட்ல என்ன கொழம்பு?" அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிற கேட்பில், வெறும் சாம்பார் வைத்தவர்களுக்கே நாக்கு குழறியது. ஓமியோபதி டாக்டர் நின்ற இடத்திலேயே உடைந்துபோய், "உங்க வீட்டு முருங்கைக்கா பறிச்சது நாந்தான்க்கா, மன்னிச்சிருங்க" என்றார். முருங்கைக்காயைப் பற்றி யாரும் அவரிடம் கேட்கவேயில்லை. தெருவிளக்கை உடைத்தது யார் என்பதும், மொட்டை மாடியில் சிகரெட் துண்டுகளைப் பூந்தொட்டிக்குள் புதைப்பது யார் என்பதும் அதே வாரத்தில் வெளிவந்தன. இரண்டாவதில் குற்றவாளி நான். மீன் போட்டது யார் என்பது மட்டும் தெரியவில்லை.

ஆனால் ஒரு விஷயம் துலங்கியது. முன்சீப்பு புதனும் சனியும் மட்டும்தான் சாப்பாட்டைத் தொடுவதில்லை. அந்த இரண்டு நாளும் பூனையைப் பின்தொடரும் பொறுப்பு, பூந்தொட்டிக் குற்றத்துக்குத் தண்டனையாக, என்மேல் விழுந்தது.

சனிக்கிழமை காலை முன்சீப்பு மதில் ஏறியது. நானும் ஏறினேன். அது முருங்கை மரத்தைத் தாண்டி, தச்சு ஆசாரி பட்டறையின் ஓட்டுக் கூரைமேல் நடந்து, பின் தெருப் பக்கமாகக் குதித்து மறைந்தது. நான் கைலி மதிலில் மாட்டிக்கொள்ள, அங்கேயே தொங்கினேன். பக்கத்து மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாள் பார்த்துவிட்டார்.

"யாருலே அது, மதிலு மேல?"

"பூனையப் பாக்க வந்தேம்மா!"

"வேற பொய்யி கெடைக்கலியாலே ஒனக்கு?"

வாழ்க்கையில் நான் சொன்ன உண்மைகளில் யாரும் நம்பாமல் போனது அது ஒன்றுதான்.

பின்தொடர்வது பலிக்காது என்று தெரிந்ததும் வாய்தா அக்கா கட்டிலுக்கு அடியிலிருந்து டைப்ரைட்டரை எடுத்தார். அடுத்த புதன்கிழமை, நான்காக மடித்த ஒரு தாள் சிவப்பு நூலில் முன்சீப்பின் கழுத்தில் தொங்கியது. அதன் வாசகம்:

"இதனால் அறிவிப்பது என்னவென்றால், மேற்படி பூனை பிறவிச் சைவம். மேற்படியாருக்கு மீன் மற்றும் மீன் சார்ந்த பொருள்களை வழங்கி வருபவர் மேற்படி வழக்கத்தை உடனே நிறுத்திக்கொள்ள வேண்டியது. தவறினால் மேல் நடவடிக்கை எடுக்கப்படும். இப்படிக்கு, பூனையை வளர்க்கும் சகோதரிகள்."

சாயங்காலம் பூனை திரும்பியது. கழுத்தில் தாள் இருந்தது. ஆனால் அது நாங்கள் கட்டி அனுப்பிய தாள் அல்ல. தினமும் கிழிக்கிற காலண்டர் தாளின் பின்பக்கத்தில், உருண்டை உருண்டையான எழுத்தில், கொஞ்சம் நடுக்கத்தோடு எழுதியிருந்தது.

"லாத்தாமார் இருவருக்கும், நோட்டீஸ் கிடைத்தது. பூனைக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே இரண்டு சாளை தின்றது. மேல் நடவடிக்கையைப் பூனைமேல் எடுத்துக்கொள்ளவும்."

வாய்தா அக்கா கொதித்துப்போனார். டிரங்கால் அக்கா மட்டும் அந்தத் தாளை என்னைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"லாத்தான்னு எழுதுதா பாரு. காயல்பட்டினத்துல அக்காவ அப்படித்தான் கூப்பிடுவாவ. கொழும்புக்கும் துபாய்க்கும் நான் எத்தன கால் போட்டுக் குடுத்திருக்கேன். பொம்பள. வயசானவ. தனியா இருக்கா."

"தனியா இருக்கான்னு எப்படிக்கா சொல்லுதிய?" என்றேன்.

"பூனைக்குக் கடிதாசு படிச்சிக் காட்டுதவ வேற எப்படி வே இருப்பா?"

அப்படித் தொடங்கியதுதான் அந்தக் கடிதப் போக்குவரத்து. வாரம் இரண்டு கடிதம் போகும், இரண்டு வரும். வாய்தா அக்கா ஒவ்வொன்றையும் ஓட்டை போட்டு, டேக் நூலில் கோத்து, சான்று ஒன்று, சான்று இரண்டு என்று எண் கொடுத்து வைத்தார். "நேற்று மேற்படியாருக்கு வயிற்றுப்போக்கு. தங்கள் மீனே காரணம்" என்று இங்கிருந்து போனது. "என் மீன் காலையில் பிடித்தது. உங்கள் தயிர் என்றைக்கு உறை ஊற்றியது?" என்று அங்கிருந்து வந்தது. ஒரு சனிக்கிழமை வந்த தாளில் இரண்டே வரிதான் இருந்தது. "பூனை நெற்றியில் விபூதி இருந்தது. முகம் துடைத்துவிடும்போது அதை மட்டும் விட்டுவிட்டுத் துடைத்தேன்." அன்றைக்குப் பதில் நோட்டீஸ் அனுப்பவில்லை. டிரங்கால் அக்கா அந்தத் தாளை வாங்கி மடித்துத் தன் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டார். சான்று ஒன்று குறைகிறதே என்று தங்கை கேட்கவும் இல்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. "பின் தெருவில மொத்தமே இருவது வீடு. சுத்தி வந்தா அரை மணி நேரத்துல கண்டுபிடிச்சிரலாம்லாக்கா?" என்றேன்.

"அடுத்த வாரம் பாப்போம்" என்றார் தங்கை.

"கண்டுபிடிச்சிட்டா அப்புறம் கடிதாசு வராதுல்லா" என்றார் அக்கா.

இரண்டு மாதம் இப்படி ஓடியது. ஒரு புதன்கிழமை முன்சீப்பு போன வேகத்தில் திரும்பி வந்தது. கழுத்தில் எங்கள் தாளே பிரிக்கப்படாமல் இருந்தது. வந்ததும் வராததுமாகக் கிண்ணத்தில் இருந்த தயிர்ச்சாதம் முழுவதையும் நக்கித் தின்றுவிட்டு, இன்னும் வேண்டும் என்று கத்தியது. "பாத்தியாட்டி, மறுபடி சைவத்துக்கு வந்துட்டு" என்று தங்கையிடம் அக்கா மெதுவாகச் சொன்னார். ஆனால் அந்தக் குரலில் வெற்றியே இல்லை.

வியாழக்கிழமை காலையில் அதே தாளோடு பூனையை மறுபடி அனுப்பினார்கள். ஒன்பதரை மணிக்கு அதே தாளோடு, அதே பசியோடு திரும்பி வந்தது. நான் ஆபீசுக்குக் கிளம்பி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன்.

"ஊருக்குப் போயிருப்பாவக்கா" என்றேன்.

"ஊருக்குப் போறவ எழுதாமப் போமாட்டா." டிரங்கால் அக்காவின் கை பூனையின் முதுகில் அப்படியே நின்றுவிட்டது. "என்னமோ நடந்திருக்கு, தம்பி."

நான் வாய்தா அக்காவைப் பார்த்தேன். அடுத்த வாரம் பார்ப்போம் என்பார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் ஏற்கெனவே குடையை எடுத்து, வயர்க் கூடையில் துண்டை விரித்து, பூனையை அதற்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கீரு? இப்பமே போணும். நடயும்!"

மதில் ஏறி இரண்டு நிமிடத்தில் முன்சீப்பு போகிற இடத்துக்கு, மெயின் ரோட்டைச் சுற்றிப் போக எங்களுக்கு இருபது நிமிடம் ஆனது. இரண்டு குடை, ஒரு கூடை, பின்னால் நான். பின் தெரு முனையில் பூனையை இறக்கிவிட்டோம். அது முதலில் உட்கார்ந்து இடது காலை நக்கியது. பிறகு வலது காலை நக்கியது. "சவத்து மூதி, போயேன்!" என்று டிரங்கால் அக்கா தன் வாழ்நாளில் முதல் தடவையாக அதைத் திட்டினார். அதன் பிறகுதான் அது எழுந்து நடந்தது. ஒரு பேனர் அடிக்கும் கடையின் பக்கவாட்டில் மாடிக்குப் போகும் குறுகலான படி. அதில் ஏறி, மேலே இருந்த கிரில் கேட்டுக்கு முன்னால் நின்று கத்தத் தொடங்கியது.

கேட்டின் உள்பக்கம் பூட்டியிருந்தது. கம்பியில் தொங்கிய பையில் இரண்டு பால் பாக்கெட். இரண்டும் வெயிலில் உப்பிப்போயிருந்தன. நேற்றையது ஒன்று, இன்றையது ஒன்று. கூப்பிட்டுப் பார்த்தோம். கீழே ஓடும் மிஷின் சத்தத்தில் எங்கள் குரலே எங்களுக்குக் கேட்கவில்லை.

டிரங்கால் அக்கா கீழே இறங்கிக் கடைக்காரரிடம் போனார். "மிஷின நிறுத்தும்."

"நடுவுல நிறுத்த முடியாதுக்கா. கல்யாண பேனரு. மாப்பிள்ளைக்கு மூக்கு வரைக்கும்தான் வந்திருக்கு."

"மிச்ச மூஞ்சி பொறவு வரட்டும். நிறுத்தும்னேன்!"

மிஷின் நின்றது. அக்கா மறுபடி படியேறி, கிரில்லில் காதை வைத்துக் கண்ணை மூடினார். தெருவில் யாரோ ஸ்கூட்டர் கிளப்பினார்கள். வாய்தா அக்கா அங்கிருந்தபடியே கையை ஓங்கினார், அதுவும் நின்றது. எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. அக்காவின் உதடு மட்டும் எண்ணுவது போல அசைந்தது.

"இரும்புல தட்டுதா. ரெண்டு தட்டு. பொறவு நிறுத்தம். மறுபடி ரெண்டு." கண்ணைத் திறந்தபோது அது நிறைந்திருந்தது. "உசிரோட இருக்கா. பூட்ட ஒடைங்க."

பட்டறையிலிருந்து ஆசாரி கடப்பாரையோடு ஓடி வந்து பூட்டை உடைத்தார். கடிதம் எழுதிய அம்மாள் குளியலறையில் கிடந்தார். முந்தின நாள் விடியற்காலையில் வழுக்கி விழுந்தவர். இடது கால் திரும்பிப்போயிருந்தது. கைக்கு எட்டும் உயரத்தில் குழாய் இருந்ததால் தண்ணீர் குடித்திருக்கிறார். கத்திக் கத்திக் குரல் போய்விட்டது. எவர்சில்வர் செம்பால் அந்தக் குழாயைத்தான் தட்டிக்கொண்டிருந்தார்.

டிரங்கால் அக்கா ஈரத் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து அவர் தலையைத் தன் மடியில் எடுத்துக்கொண்டார். அந்த அம்மாள் அக்காவைப் பார்த்தார், பிறகு வாசலில் நின்ற பூனையைப் பார்த்தார். காற்றுப் போல ஒரு குரல் வந்தது.

"நீங்கதானா அந்த நோட்டீசு லாத்தா?"

"நீதானா எம் பூனையக் கெடுத்தவ?" என்றார் அக்கா. நான் போய் ஆம்புலன்சுக்குப் போன் போட்டேன்.

அவர் பெயர் ஆமினா. மூட்டு வலிக்கு வைத்தியம் பார்க்கக் காயல்பட்டினத்திலிருந்து வந்து, ஆஸ்பத்திரிக்குப் பக்கம் என்று அந்த மாடியை எடுத்திருந்தார். மகன் துபாயில். புதனும் சனியும் ஊர்க்காரர் ஒருவர் கொண்டுவந்து கொடுக்கிற மீனில்தான் முன்சீப்புக்குப் பங்கு. அந்தப் புதன்கிழமை வந்தவர், பூட்டு உள்பக்கம் தொங்குவதைக் கவனிக்காமல், வைத்தியம் முடிந்து ஊருக்குப் போய்விட்டார்கள் போல என்று திரும்பிப் போய்விட்டாராம்.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. "இன்னும் ஒரு நாள் லேட்டாயிருந்தா..." என்று டாக்டர் ஆரம்பித்தார். வாய்தா அக்கா அவரை முடிக்க விடவில்லை. "ஆகலல்லா? வேலையப் பாருங்க" என்றார்.

மகன் விமானம் பிடித்து ஓடி வந்தார். புதன்கிழமை பத்துத் தடவை போன் போட்டேன், எடுக்கவில்லை, சார்ஜ் இல்லை போல என்று இருந்துவிட்டேன் என்று சொல்லி, அந்த அக்காமார் முன்னால் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். டிரங்கால் அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு, "உள்ளதத்தான் சொல்லுதாரு" என்று தங்கையிடம் சொல்லிவிட்டு, அவருக்கு ஒரு டம்ளர் காபி ஊற்றிக் கொடுத்தார்.

ஆபரேஷன் முடிந்த நாளிலிருந்து ஆஸ்பத்திரிக்கு எங்கள் வீட்டிலிருந்துதான் சாப்பாடு போனது. மிளகு ரசம், பருப்புத் துவையல், ரசம், மறுபடியும் ரசம். நாலாம் நாள் ஆமினா அம்மாள் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். "லாத்தா, இந்த ரசத்தக் குடிச்சா எலும்பு சேராது. உள்ளதும் கரைஞ்சிரும்."

அன்று சாயங்காலம் டிரங்கால் அக்கா மாடிப்படியில் பாதி ஏறி, யாரும் பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, என்னிடம் ரகசியமாகக் கேட்டார். "தம்பி, வண்ணார்பேட்டையில மீன் கொழம்பு எந்தக் கடையில நல்லாருக்கும்?"

வாங்கி வந்து கொடுத்தேன். நானே கொண்டுபோகிறேன் என்றேன், விடவில்லை. எழுபத்தாறு வருஷம் மீன் வாடை படாத அந்தக் கை தூக்குச்சட்டியைப் பாம்பைப் பிடிப்பது போலத் தள்ளிப் பிடித்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறியது. கண்டக்டர், "என்னக்கா, அதுல என்ன இருக்கு?" என்றாராம்.

"சாம்பாரு."

தெருவில் எத்தனையோ பேரின் பொய்யைப் பிடித்தவர் சொன்ன பொய் அது. பஸ் முழுக்க வாசம் வீசியது. கண்டக்டர் கண்ணை மூடிக்கொண்டு, "ஆமாக்கா, சாம்பாருதான்" என்று டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்.

நடக்க ஆரம்பித்ததும் ஆமினா அம்மாளைக் காயல்பட்டினத்தில் அவர் தங்கை வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். போவதற்கு முன்னால் பூனை விஷயமாக ஒரு சமரசம் பேச வேண்டியிருந்தது. வாய்தா அக்கா அதை டைப் அடித்து இரு தரப்பிலும் கையெழுத்து வாங்கினார். அதன்படி புதனும் சனியும் முன்சீப்புக்கு மீன் உண்டு. வாங்கிக் கொடுப்பது டிரங்கால் அக்காவின் பொறுப்பு. மூக்கைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு, "ஏய்யா, நல்ல மீனாப் பாத்துக் குடும், நோயாளிப் பூனை" என்று மீன்கடையில் நின்ற அக்காவை நானே பார்த்திருக்கிறேன். பூனைக்கு எந்த நோயும் கிடையாது.

அடுத்த வருஷம் எனக்கு மதுரைக்கு மாற்றல் வந்துவிட்டது. போன தை மாதம் ஒரு வேலையாகப் பாளையங்கோட்டை போனவன், ஒரு கட்டுப் பனங்கிழங்கு வாங்கிக்கொண்டு பழைய வீட்டுக்குப் போனேன். மத்தியானம் இரண்டு மணி. கதவு திறந்தே இருந்தது. ஆமினா அம்மாள் டாக்டரைப் பார்க்க வந்தவர் ஒரு வாரமாக அங்கேதான் தங்கியிருக்கிறார் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். எட்டிப் பார்த்தேன். டிவி தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. சோபாவில் மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்த வாக்கிலேயே தூங்கிக்கொண்டிருந்தார்கள். நடுவில் இருந்த ஆமினா அம்மாளின் தோளில் டிரங்கால் அக்காவின் தலை சாய்ந்திருந்தது. இந்தப் பக்கத்து மடியில் தலையும் அந்தப் பக்கத்து மடியில் வாலுமாக, மூன்று பேருக்கும் பொதுவாகப் பூனை கிடந்தது.

எழுப்ப மனம் வரவில்லை. கிழங்கைக் கதவோரமாகச் சாய்த்து வைத்துவிட்டு, சத்தமில்லாமல் வெளியே வந்து, ஒரு மணி நேரம் கழித்து வரலாம் என்று டீக்கடைப் பக்கமாக நடந்தேன்.

எனக்கு உடன்பிறந்தவர்கள் யாரும் கிடையாது. இப்போதெல்லாம் யாராவது கேட்டால், மூன்று அக்காமார் இருக்கிறார்கள் என்று சொல்கிறேன்.